தன்மதிப்பு அளவுகோலின் தமிழ் வடிவத்துக்கு ஆல்ஃபா எதிர்மறையாக வருகிறது: எங்கே தவறு?

தாமிரபரணி:

வணக்கம். நான் முதுகலை உளவியல் இரண்டாமாண்டு மாணவி. இன்ஸ்டாகிராம் பயன்பாட்டுக்கும் கல்லூரி மாணவர்களின் தன்மதிப்புக்கும் உள்ள தொடர்பை ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். வினாத்தாளின் முதல் பகுதி, ரோசன்பர்க் 1965-இல் வெளியிட்ட பத்துக் கூற்றுகள் கொண்ட தன்மதிப்பு அளவுகோல். அதை நானே தமிழாக்கி, ஆங்கில இலக்கியம் படிக்கும் தோழி ஒருத்தியிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றச் செய்து, மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். இரண்டாம் பகுதி, புதிய தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள் என்று விளக்கும் ‘தொழில்நுட்ப ஏற்பு மாதிரி’யிலிருந்து எடுத்த பன்னிரண்டு கூற்றுகள். நெறியாளர் சொன்னதால் சேர்த்தேன்.

கூகுள் படிவம் வழியாக 214 பேர் பதிலளித்தார்கள். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் முதல் பகுதிக்கு க்ரான்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) கணக்கிட்டால் -0.31 என்று வருகிறது. கூற்றுகளுக்கிடையிலான சராசரி உடன்மாறுபாடு எதிர்மறையாக உள்ளது, குறியீட்டைச் சரிபார்க்கவும் என்று அட்டவணைக்கு அடியில் ஒரு குறிப்பும் வருகிறது. மூத்த மாணவர் ஒருவர், ஆல்ஃபா 0.70-ஐத் தாண்டும்வரை கூற்றுகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போகச் சொன்னார். நான்கை நீக்கியும் 0.44-தான் வந்தது. ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரங்களே உள்ளன. வழி சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

முதலில், நீக்கிய நான்கையும் திரும்பச் சேருங்கள். பத்துக் கூற்றுகளும் நிறுவப்பெற்ற ஒரே அளவுகோலின் பகுதிகள். நான்கை எடுத்துவிட்டால் உங்கள் கையில் இருப்பது ரோசன்பர்க் அளவுகோலே அன்று. ஆல்ஃபா எதிர்மறையாக வந்தால், மாணவர்களின் மனத்தைச் சந்தேகிக்குமுன் நம் தரவுக் கோப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டு விவரங்கள் தேவை. ஆல்ஃபா அட்டவணைக்கு மேலே ‘கேஸ் ப்ராசஸிங் சம்மரி’ என்று ஒரு சிறிய அட்டவணை வரும். பெரும்பாலானோர் அதைப் பார்ப்பதே இல்லை. அதில் ‘வேலிட்’ என்ற வரிசையில் என்ன எண் இருக்கிறது? அடுத்து, படிவத்தில் வந்த தமிழ் விடைகளை எண்களாக மாற்றியது எப்படி?

தாமிரபரணி:

ஐயா, ‘வேலிட்’ 41, விலக்கப்பட்டவை 173 என்று இருக்கிறது. இதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

விடைகளை எக்செலில் ‘ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்’ கொண்டு மாற்றினேன். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதற்கு 3, ‘ஒப்புக்கொள்ளவில்லை’ என்பதற்கு 2 என்று முதலில் கொடுத்தேன். பிறகு ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ என்பதற்கு 4 கொடுக்கத் தேடியபோது எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தது. ‘முற்றிலும் ஒப்புக்கொள்ளவில்லை’ என்பதற்கும் அப்படியே. யாரும் அவ்விடைகளைத் தேர்ந்தெடுக்கவில்லை போலும் என்று கடந்துவிட்டேன். எஸ்.பி.எஸ்.எஸ். அந்தப் பத்து மாறிகளையும் எழுத்து வகையாகக் காட்டியதால், எண் வகைக்கு மாற்றிக்கொண்டேன்.

கணக்குப்பிள்ளை:

அங்கேதான் சறுக்கியிருக்கிறது. 214 பேர் பத்துக் கூற்றுகளுக்குப் பதிலளித்து, ஒருவர்கூட ‘முற்றிலும்’ என்ற விடையைத் தொடாமல் இருப்பது நடக்கக்கூடியதா? ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ என்ற தொடருக்குள்ளேயே ‘ஒப்புக்கொள்கிறேன்’ இருப்பதால், உங்கள் முதல் மாற்றத்திலேயே அந்தக் கட்டங்கள் எல்லாம் ‘முற்றிலும் 3’ என்று ஆகிவிட்டன. மறுப்பு விடைகள் ‘முற்றிலும் 2’ ஆகியிருக்கும். எண்ணும் எழுத்தும் கலந்ததால்தான் மாறிகள் எழுத்து வகையாக வந்தன. நீங்கள் வகையை மாற்றியவுடன் அந்தக் கட்டங்கள் அனைத்தும் வெற்றிடமாயின. ஆல்ஃபா கணக்கில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்த நபரே நீக்கப்படுவார் என்பதால், பத்தில் ஒன்றுக்காவது ‘முற்றிலும்’ என்று அழுத்திச் சொன்ன ஒவ்வொருவரும் வெளியேறிவிட்டார். எல்லாவற்றுக்கும் நடுவாந்தரமாகவே பதில் சொன்ன 41 பேரை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரியின் தன்மதிப்பை அளக்க முற்பட்டிருக்கிறீர்கள்.

படிவத்தின் மூல விடைகளை மீண்டும் பதிவிறக்குங்கள். மாற்றும்போது ‘மேட்ச் என்டயர் செல் கன்டென்ட்ஸ்’ என்ற கட்டத்தைத் தெரிவு செய்யுங்கள்.

தாமிரபரணி:

நீங்கள் சொன்னபடி செய்தேன். இப்போது ‘வேலிட்’ 214. ஆனால் ஆல்ஃபா -0.52 என்று இன்னும் கீழே இறங்கிவிட்டது. எதிர்மறைக் கூற்றுகளின் மதிப்பெண்களை (4-ஐ 1 ஆகவும் 3-ஐ 2 ஆகவும்) திருப்பவில்லையோ என்று கேட்பீர்கள்; திருப்பியிருக்கிறேன். 3, 5, 8, 9, 10 ஆகிய ஐந்தையும், எங்கள் துறை நூலகத்தில் உள்ள பழைய ஆய்வேடு ஒன்றில் இருந்தபடியே, ஐந்திலிருந்து கழித்து மாற்றினேன்.

கணக்குப்பிள்ளை:

உங்கள் வினாத்தாளின் முதல் கூற்றையும் இரண்டாம் கூற்றையும் அப்படியே எழுதுங்கள்.

தாமிரபரணி:

1. மொத்தத்தில் என்னைப் பற்றி எனக்குத் திருப்தி உண்டு.
2. சில வேளைகளில் நான் எதற்கும் உதவாதவன்/உதவாதவள் என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

இரண்டாவது கூற்று எதிர்மறையாக இருக்கிறதே. நீங்கள் திருப்பிய பட்டியலில் 2 இல்லையே!

இந்த அளவுகோல் இரண்டு வரிசைகளில் புழங்குகிறது. ‘திருப்தி’ என்று தொடங்கும் வரிசையில் திருப்ப வேண்டியவை 2, 5, 6, 8, 9. ‘மற்றவர்களுக்கு இணையாக நானும் மதிப்புள்ளவன்’ என்று தொடங்கும் வரிசையில்தான் 3, 5, 8, 9, 10. நீங்கள் கூற்றுகளை ஒரு வரிசையிலிருந்தும் விதியை மற்றொன்றிலிருந்தும் எடுத்திருக்கிறீர்கள். அதனால் நேரான கூற்றுகள் இரண்டு கவிழ்ந்தன. கவிழ்க்க வேண்டிய இரண்டு நேராக நின்றன. எண்களைப் பார்த்துத் திருப்பாதீர்கள். ஒவ்வொரு கூற்றையும் வாய்விட்டுப் படித்துத் திருப்புங்கள். பழைய மாறிகளை அழிக்காமல் புதிய மாறிகளாகச் சேமியுங்கள்; இரண்டு முறை திருப்பிவிட்டுத் தேடும் வேலை மிச்சமாகும்.

தாமிரபரணி:

0.71! இரண்டு நாட்களாக உறக்கமில்லை ஐயா, மிக்க நன்றி.

ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. எட்டாவது கூற்றுக்கு மட்டும் மற்றவற்றின் மொத்தத்தோடு உள்ள ஒட்டுறவு -0.17 என்று இருக்கிறது. அதை நீக்கினால் ஆல்ஃபா 0.77 ஆகும். சரியாகத்தான் திருப்பியிருக்கிறேன், பலமுறை பார்த்துவிட்டேன். என் தமிழ் வடிவம்: ‘என் மீது எனக்கே இன்னும் அதிக மரியாதை இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.’ இதை நீக்கலாமா?

ஏட்டுச்சுவடி:

நான் உளவியல் வினாத்தாள்களைத் தமிழாக்கும் பணியில் இருப்பதால் இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எட்டாவது கூற்று உங்களுக்கு மட்டும் தொல்லை தரவில்லை. ஷ்மிட், ஆலிக் ஆகிய இருவரும் 53 நாடுகளில் இந்த அளவுகோலை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட கட்டுரையிலும் பல பண்பாடுகளில் ஒட்டாமல் நின்றது இதே கூற்றுதான்.

மூலத்தில் அந்த வாக்கியம் ஒரு குறையைச் சொல்கிறது: எனக்கு என் மீது போதிய மதிப்பு இல்லையே என்ற ஏக்கம் அது. தமிழில் ‘விரும்புகிறேன்’ என்று முடிந்தவுடன் ஏக்கம் போய் இலட்சியம் வந்துவிடுகிறது. ‘மரியாதை’ என்ற சொல்லோ நம் வழக்கில் பெரும்பாலும் பிறர் கொடுப்பது. தன்மதிப்பு மிகுந்த மாணவர்தான் இதற்கு ‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ என்று முதலில் கை தூக்குவார். மறு மொழிபெயர்ப்பு இதைக் காட்டிக்கொடுக்காது. உங்கள் தோழி ‘விரும்புகிறேன்’ என்பதை மூலத்தில் உள்ள அதே சொல்லாகத் திருப்பியிருப்பார், நீங்களும் நிம்மதியடைந்திருப்பீர்கள். ப்ரிஸ்லின் 1970-இல் அம்முறையை முன்வைத்த நாளிலிருந்து, அதை மட்டுமே போதுமானதாகக் கருதுவோர் இந்தக் குழியில் விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நீக்குவதற்கு முன் ஐந்தாறு மாணவர்களை உட்காரவைத்து, அந்தக் கூற்றைப் படித்ததும் என்ன புரிந்தது என்று சொந்த வார்த்தைகளில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு, பத்துக் கூற்றுகளுக்கும் ஒன்பது கூற்றுகளுக்கும் உரிய முடிவுகளை ஆய்வேட்டில் அருகருகே கொடுங்கள். சொல்லாமல் நீக்குவதுதான் குற்றம். காரணத்தோடு நீக்குவது ஆய்வின் பகுதி.

பழைய நெறியாளர்:

அளவுகோல் சிக்கல் தீர்ந்ததில் மகிழ்ச்சி. இரண்டாம் பகுதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனினும் வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். தொழில்நுட்ப ஏற்பு மாதிரியை உருவாக்கிய டேவிஸ் 1989-இல் பயன் உணர்வுக்கு (இது பயன் தரும் என்ற எண்ணம்) ஆறு, எளிமை உணர்வுக்கு (கையாள எளிது என்ற எண்ணம்) ஆறு என்று கூற்றுகளை நிறுவியபோது, முதல் ஆய்வில் அவர் முன்னால் இருந்தவர்கள் ஐ.பி.எம். நிறுவனத்தின் டொராண்டோ ஆய்வகத்தில் மின்னஞ்சலையும் கோப்புத் திருத்தியையும் கையாண்ட பணியாளர்கள். பயன் உணர்வுக் கூற்றுகளும் முழுவதும் அலுவலக வேலையைச் சுற்றியே அமைந்தன. ‘இன்ஸ்டாகிராம் என் பணியை விரைவாக முடிக்க உதவுகிறது’ என்று கேட்டால், வேலையே பார்க்காத பதினெட்டு வயது மாணவி எதை நினைத்துப் பதில் சொல்வாள்? எளிமை உணர்விலும் அநேகமாக எல்லோரும் உச்ச விடையையே கொடுத்திருப்பார்கள். எல்லோரும் ஒன்றுபோலச் சொன்ன விடையிலிருந்து எந்தத் தொடர்பையும் எடுக்க முடியாது.

வெங்கடேஷ், தாங், ஷூ ஆகியோர் 2012-இல் நுகர்வோருக்காக விரிவாக்கிய மாதிரியில் இன்ப நாட்டம், விலை மதிப்பு, பழக்கம் ஆகியவை சேர்ந்தன. உங்கள் கேள்விக்குப் ‘பழக்கம்’தான் பொருத்தம். தரவு திரட்டி முடிந்துவிட்டதால் இப்போது மாற்ற இயலாது. இரண்டாம் பகுதியைக் கருதுகோள் சோதனைக்கு எடுக்காமல் விவரிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று நெறியாளரிடம் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு கூற்றுகளின் விடைப் பரவலையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொண்டுபோய் அவர் மேசையில் வையுங்கள், வாதம் குறையும்.

தாமிரபரணி:

அனைவருக்கும் நன்றி. அந்தத் தாளைக் காட்டியபின் நெறியாளர் இரண்டாம் பகுதியை விவரிப்போடு நிறுத்திக்கொள்ள ஒப்புக்கொண்டார். எட்டாவது கூற்றை ஆறு மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தேன். நால்வர் அதை முன்னேற்ற ஆசையாகவே புரிந்துகொண்டனர்; அவர்களில் ஒரு மாணவி, “மரியாதை கூடணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது அக்கா?” என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அதை அப்படியே நான்காம் இயலில் சேர்த்திருக்கிறேன். சுருக்கவுரையில் எந்த ஆல்ஃபாவைக் குறிப்பிடுவது என்பது மட்டும் தெரியவில்லை.

ஏட்டுச்சுவடி:

இரண்டையும் குறிப்பிடுங்கள், ஒரே வாக்கியத்தில், பத்துக் கூற்றுகளுக்கு உரியதை முதலில்.