மாற்றுச் சிறுநீரகமும் வெண்குருதிக்கலங்களும்: கிளினிக்கில் கண்டவற்றைப் பகிர்வோம்

மருந்தாளர், பொரளை
மாற்றிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கப் போடும் டக்ரோலிமஸ், மைக்கோபீனலேற், பிரெட்னிசலோன் என்ற மூன்று குளிசையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று நினைத்து, ஒன்றைத் தாங்களாகவே குறைப்பவர்களை அடிக்கடி காண்கிறோம். அவை அந்நியமானதைத் தாக்கும் வெண்குருதிக்கலமான ரி கலத்தை வெவ்வேறு கட்டங்களில் மறிப்பவை. புதுச் சிறுநீரகத்தை அந்நியமென்று கண்டதும் ரி கலத்துக்குள் கல்சிநியூரின் என்ற நொதியம் இயங்கி, இன்டர்லியூக்கின் 2 என்ற சமிக்ஞைப் புரதம் சுரக்க வழிசெய்யும். பெருகு என்ற கட்டளை அதுதான். டக்ரோலிமஸ் கல்சிநியூரினை அடைக்கிறது. கலம் சாவதில்லை, விழிக்காமல் கிடக்கிறது. வேளை தவறத் தவற அது எழும்பிவிடும். மைக்கோபீனலேற் அடுத்த கட்டத்தில் நிற்கிறது: கலம் பிரியத் தேவையான டிஎன்ஏ மூலப்பொருளான குவானோசீனைப் புதிதாக ஆக்கவிடாது. மற்றக் கலங்கள் பழையதை மீட்டுச் சமாளிக்கும். ரி கலங்களாலும், பிறபொருளெதிரி ஆக்கும் பி கலங்களாலும் அப்படிச் சமாளிக்க இயலாது. பிரெட்னிசலோன் அழற்சிச் சமிக்ஞைகளைப் பரவலாக அடக்கும்.

ஆய்வுகூடத்திலிருந்து
டக்ரோலிமஸ் அளவு பார்க்க வருபவர்கள் காலைக் குளிசையைப் போட்டுவிட்டு வரக்கூடாது. இரவு 9 மணிக்குப் போட்டிருந்தால் காலை 9 மணிக்குச் சற்று முன் குருதி எடுத்து, பிறகு போடுங்கள். போட்டுவிட்டு வந்தால் அளவு உயர்ந்து தெரியும், டோஸைக் குறைப்பார்கள், நிராகரிப்புக்கு வாசல் திறக்கும். கடைசியாகப் போட்ட நேரத்தைப் படிவத்தில் எழுதுங்கள். மருந்தில் பெரும்பகுதி செங்குருதிக்கலங்களுக்குள் இருப்பதால் ஊதா மூடிக் குழாயில் முழுக்குருதியாகவே அனுப்ப வேண்டும்.

தாதி, மாற்றுச் சிகிச்சை விடுதி
றிப்போட்டில் வெண்குருதிக்கலம் 12,000 என்றதும் தொற்று என்று பயப்படுகிறார்கள். பிரெட்னிசலோன் குருதிக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் நியூட்ரோபில் என்ற வெண்குருதிக்கலங்களை ஓட்டத்துக்குள் இறக்கிவிடுவதால் தொற்றே இல்லாமலும் எண்ணிக்கை ஏறும். லிம்போசைற் (ரி, பி கலங்கள் சேர்ந்த வகை) குறைந்திருக்கும்.

எனக்குக் கவலை தருவது இதற்கு எதிர்ப்பக்கம். மைக்கோபீனலேற், தொற்றைத் தடுக்கத் தரும் கோட்ரைமொக்சசோல், வைரசுக்கெதிரான வல்கன்சிக்ளோவிர் மூன்றுமே வெண்குருதிக்கலத்தைக் குறைக்கக்கூடியவை, முதல் மாதங்களில் மூன்றும் ஒன்றாக ஓடும். கொழும்பில் டெங்குவும் இதையே செய்யும். மொத்தத்தை மட்டும் பார்க்காமல் நியூட்ரோபிலைக் கணக்குப் போடுங்கள்: 2,500 இல் நியூட்ரோபில் 40 வீதம் என்றால் 1,000. அதற்குக் கீழே போனால் அன்றே கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீரொயிட் காய்ச்சலை மறைக்கும் என்பதால் 38 பாகை வந்தாலே வீட்டில் காத்திருக்காதீர்கள். வலிக்குப் போடும் டைக்லோபெனாக் வேண்டவே வேண்டாம்; டக்ரோலிமஸோடு சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகும் குருதியைக் குறைக்கும், டெங்குவென்றால் குருதிக்கசிவும் ஏற்படலாம்.

நோயாளி ஒருவரின் மகள், வெள்ளவத்தை
அப்பாவுக்குத் தடிமன். கொத்தமல்லி அவித்துக் கொடுக்கலாமா?

மருந்தாளர், பொரளை
தங்கச்சி, கறியில் போடும் கொத்தமல்லி பிரச்சினையில்லை. ஆனால் வெனிவெல்கெட்ட என்ற மூலிகை சேர்த்த பக்கற்றுகளைத் தவிருங்கள். அதிலுள்ள பெர்பெரீன் ஈரலில் மருந்தை உடைக்கும் நொதியத்தைத் தடுப்பது. டக்ரோலிமஸ் போன்ற இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரினின் அளவு அதனால் உயர்ந்ததைச் சிறுநீரகம் மாற்றியவர்களிலேயே கண்டிருக்கிறார்கள். டக்ரோலிமஸும் அதே நொதியத்தால்தான் உடைபடுகிறது. அதே காரணத்தால் ஜம்போலாப் பழமும் வேண்டாம். பாமசியில் அளவை உயர்த்தும் கிளரித்ரோமைசின், புளுகொனசோல் தந்தால் டக்ரோலிமஸ் எடுப்பதைச் சொல்லிவிடுங்கள். காசநோய்க்கான ரிபாம்பிசின் நேர்மாறு, அளவைக் கடுமையாக இறக்கிவிடும். வயிற்றோட்டத்திலும் அளவு ஏறும். குறையும் என்று நினைத்துக் கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள்.

வைத்தியர், சிறுநீரகப் பிரிவு
சத்திரசிகிச்சை நேரத்தில் எந்த ஊசி போட்டார்கள் என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதி வைத்திருங்கள். பசிலிக்சிமாப் (20 மில்லிகிராம், அன்றும் 4 ஆம் நாளும்) ரி கலத்தின் ஏற்பியை மூடுகிறது. கலங்களைக் கொன்று தீர்ப்பதில்லை. முயலிலிருந்து எடுக்கும் பிறபொருளெதிரியான ஏரிஜி ரி கலங்களையே அழிக்கும். சீடி4 என்ற வகை ரி கலங்கள் மீள மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். கோட்ரைமொக்சசோலை அலுப்பில் நிறுத்தினால் நியூமோசிஸ்ரிஸ் என்ற பூஞ்சையின் நியூமோனியா வருவது இந்த இடைவெளியில்தான்.

சிறுநீரகம் வேலை குறைந்தால் குருதியில் கூடும் கிரியற்றினின் ஏறினால் ‘நிராகரிப்பு’ என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். ரி கலங்கள் அடங்கியிருக்கும்போது பீகே வைரசும் சிறுநீரகத்தைத் தாக்கும். நிராகரிப்புக்கு மருந்தைக் கூட்டவேண்டும், பீகேக்குக் குறைக்கவேண்டும். ஊகித்து மாற்றிவிட்டால் சிறுநீரகமே போய்விடலாம். அதனால்தான் குருதியில் வைரஸ் அளவைப் பார்த்து, தேவையானால் பயொப்சியும் (சிறுநீரகத்தில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) கேட்கிறோம், மறுக்காமல் வாருங்கள்.