அப்பாவை ஊசிக்குச் சம்மதிக்க வைக்க வழி சொல்லுங்கள்

தக்கலைப் பக்கம் இருக்கிறோம். அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரையும் இளைப்பும் உண்டு, ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் போடச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்து மூன்று மாதமாகிறது. 'மழையில நனைஞ்சு ரப்பர் வெட்டுன உடம்பு மக்ளே, இனி எதுக்கு ஊசி' என்கிறார். உண்மையான பயம் வேறு. 2021-ல் கொரோனா ஊசி போட்ட மறுவாரம் அவருடைய கூட்டாளி மாரடைப்பில் இறந்துவிட்டார், ஊசி போடாதவர்களுக்கும் அந்த வயதில் மாரடைப்பு வருமே என்றால் பேச்சை மாற்றிவிடுகிறார். அப்புறம், ஊசி போட்டால் காய்ச்சலில் படுத்து எங்களுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற கவலையும் இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஃப்ளூ ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, ஓரிரு நாள் கைவலி, லேசான காய்ச்சல் வரலாம், பெரும்பாலும் அவ்வளவுதான் என்று நான் சொல்வது ஏறவே இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யார் சொல்லி, எதைக் கேட்டு மனம் மாறினார்கள்? ஜூன் மழைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும். பயமுறுத்துகிற வீடியோக்கள் மட்டும் வேண்டாம்.