கிறிஸ்துமஸ் தாத்தா யாரென்று மகன் கண்டுபிடித்துவிட்டான், எப்படிப் பேசுவது?

வணக்கம். எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் குழு வீடு வீடாக வரும்போது, முகமூடி போட்ட கிறிஸ்துமஸ் தாத்தாவும் ஆடிக்கொண்டே வந்து மிட்டாய் கொடுப்பார். இந்த முறை கையுறை விலகியதில் மணிக்கட்டுத் தழும்பை என் 8 வயது மகன் பார்த்துவிட்டான். அது அவன் சித்தப்பாவின் கை. அங்கே ஒன்றும் பேசவில்லை. ராத்திரி படுக்கும்போது, "அப்போ தலையணைக்கு அடியில பரிசு வச்சதும் நீங்கதானாம்மா?" என்று கேட்டான். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அது தப்பு என்று அப்போதே உறைத்தது.

உண்மையைச் சொல்லத்தான் போகிறேன். 4-ஆம் நூற்றாண்டில் மைரா நகரில், இன்றைய துருக்கியில், ஆயராக (பிஷப்பாக) இருந்த, கிறிஸ்துமஸ் தாத்தா கதைக்கு மூலமான புனித நிக்கோலாஸிலிருந்து தொடங்கலாமா என்று யோசனை. ஏழைத் தகப்பன் ஒருவரின் மூன்று பெண்களுக்காக, இரவில் யாருக்கும் தெரியாமல் பணமுடிப்பைப் போட்டுவிட்டுப் போனார் என்று சொல்லப்படும் கதை அவனுக்குப் பிடிக்கும். ஆனால் அவன் கேட்கப்போவது வரலாறு இல்லையே. "ஏன் என்கிட்ட பொய் சொன்னீங்க?" என்றால் என்ன பதில் சொல்வது?

அப்புறம், 4 வயது மகள் இன்னும் முழுசாக நம்புகிறாள். அவளிடம் சொல்லிவிடாதே என்று கேட்டால், அவனையும் பொய்யில் சேர்த்ததாகிவிடுமா?

இதைக் கடந்து வந்த பெற்றோர், நீங்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதுங்கள், ப்ளீஸ்.