அல்-ஷிஃபாவுக்கு வைத்த 300 லிட்டர் டீசல்: எத்தனை நிமிடம் ஓடும்?

ரெண்டாம்ஷிப்ட்:
காஸாவின் அல்-ஷிஃபா ஆஸ்பத்திரி பற்றி நேற்று இங்கே ஒருவர் வீடியோ போட்டிருந்தார். 2023 நவம்பரில் இஸ்ரேல் ராணுவம் 300 லிட்டர் டீசலை வாசல் பக்கம் வைத்ததாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுக்கவில்லையாம். எடுத்திருந்தால் இன்குபேட்டர் குழந்தைகளுக்குப் போதுமாம். ஜென்செட் (டீசல் ஜெனரேட்டர்) பக்கத்தில் நின்று பார்த்தவர் யாரும் இப்படிப் பேச மாட்டார். 1000 கே.வி.ஏ. (மின்திறன் அளவு) செட் முழு லோடில் மணிக்கு 200 லிட்டர் குடிக்கும். மூன்று செட் ஓடினால் 300 லிட்டர் அரை மணியில் தீர்ந்தது. ஆஸ்பத்திரி இயக்குநர் சொன்னதும் அந்த அரை மணிதான்.

அளவுகோல்:
அதே ஆஸ்பத்திரி ஒரு நாளைக்கு 8,000 முதல் 10,000 லிட்டர் வேண்டும் என்றும் சொன்னது. 10,000ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 417. அப்படியானால் 300 லிட்டர் 43 நிமிடம். 8,000 என்று எடுத்தால் 54 நிமிடம். அரை மணி எங்கிருந்து வந்தது? கணக்குச் சொல்ல வந்தவர் முதலில் வகுத்தல் பழகட்டும்.

ரெண்டாம்ஷிப்ட்:
வகுத்தல் நல்லா வருது உங்களுக்கு. டேங்க் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. செட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டே டேங்கில், இன்ஜினுக்கு டீசல் போகும் குழாய் அடிமட்டத்தில் இருக்காது. சேறும் தண்ணீரும் தங்க வேண்டும் என்று கொஞ்சம் மேலேதான் வைப்பார்கள். 1000 லிட்டர் டேங்கில் 50 முதல் 100 லிட்டர் வரை உறிஞ்சவே முடியாது. நவம்பர் 11ஆம் தேதி டீசல் தீர்ந்து வறண்டு நின்ற செட் அது. ஃபில்டர், குழாய் எல்லாம் காற்று. முதலில் அவற்றை நிரப்ப வேண்டும். பிரைமர் எனும் கைப்பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்குள் நாலு தடவை கிராங்க் (ஸ்டார்ட்) அடித்தால் பேட்டரி இறங்கிவிடும். 300 ஊற்றினால் 200 கையில் நிற்கும். இப்போது வகுங்கள்.

முல்லைக்கொடி:
இருவரும் "போதும்" என்கிறீர்கள், "போதாது" என்கிறீர்கள். எதற்கு? முழு ஆஸ்பத்திரிக்கா, ஐ.சி.யூ.வுக்கு மட்டுமா, 39 குறைமாதக் குழந்தைகளுக்கு மட்டுமா? அதைச் சொல்லிவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள்.

அளவுகோல்:
உறிஞ்ச முடியாத டீசல் பற்றி இயக்குநர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் சேர்க்கிறீர்கள். சரி, பெரிய செட்டை விடுங்கள். 15 கே.வி.ஏ. செட் முழு லோடில் மணிக்கு 4 லிட்டர். 300 லிட்டருக்கு 75 மணி நேரம், மூன்று நாள். இன்குபேட்டர் சூடேறும்போது ஒன்றுக்கு 400 வாட் என்றாலும், சூடு நிலைத்தபின் பாதிதான் இழுக்கும். 39க்கும் 8 கிலோவாட். ஒரேயடியாகப் போடாமல் ஐந்தைந்தாகப் போட்டால் தாங்கும். இதற்கு என்ன பதில்?

ரெண்டாம்ஷிப்ட்:
காகிதத்தில் தாங்கும். அந்த 15 கே.வி.ஏ. செட் எங்கே? சுற்றிலும் சண்டை நடக்கும்போது யார் தூக்கி வந்து வைப்பது? கேன்களை எடுக்கப் போகவே ஊழியர்கள் பயந்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். சரி, செட் இருக்கிறது என்றே வைப்போம். குழந்தைகள் வார்டின் பிளக் எல்லாம் மெயின் பேனலிலிருந்து வரும். சின்ன செட்டை நேரே இணைத்தால் அந்த ஃபீடரில் (பேனலிலிருந்து வரும் கேபிளில்) தொங்கும் எல்லா லோடும் சேர்ந்து இழுக்கும், பிரேக்கர் விழும். வார்டை மட்டும் பிரிக்க பேனலைத் திறந்து, ஃபீடரைக் கழற்றி, தனி கேபிள் இழுத்து, நியூட்ரல் சரிபார்த்து, எர்த் போட வேண்டும். நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரை ஏறும். இன்குபேட்டர் போர்டு எரிந்துபோகும், மாற்றுப் போர்டும் முற்றுகைக்கு வெளியே இருக்கும்.

அடுத்து ஆக்சிஜன். இன்குபேட்டர் சூடு கொடுக்கும் பெட்டி, மூச்சு கொடுக்காது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் பி.எஸ்.ஏ. ஆலையின் கம்ப்ரசர் சின்ன அளவிலேயே 30 கிலோவாட் கேட்கும், கிளம்பும் நொடியில் அதற்குப் பல மடங்கு. 15 கே.வி.ஏ. அப்படியே மூச்சடைத்து நிற்கும். பெரிய செட்டில் ஓட்டினாலும் ஆக்சிஜனின் தூய்மை 90 சதத்தைத் தொட நேரம் பிடிக்கும். அரை மணி டீசல் அதற்கே தீர்ந்துவிடும்.

அளவுகோல்:
மறுபடியும் அரை மணி! 43 நிமிடம்.

முல்லைக்கொடி:
ஆக்சிஜனுக்கு ஆலைதான் வேண்டும் என்பதில்லை. நிரம்பிய ஜம்போ சிலிண்டரில் 7,000 லிட்டர். ஒரு குழந்தைக்கு நிமிடத்துக்கு 1 லிட்டர் வைத்தால் 116 மணி நேரம், பத்துக் குழந்தைக்கு 11 மணிக்கு மேல். ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் பாட்டிலும் அளவு காட்டும் ஃப்ளோமீட்டரும் இருந்தால் மின்சாரமே வேண்டாம்.

ரெண்டாம்ஷிப்ட்:
காலியான சிலிண்டரில் 150 பார் அழுத்தம் வரை யார் நிரப்புவது? அதற்கும் பூஸ்டர் கம்ப்ரசர், அதற்கும் கரண்ட். சுற்றி வந்தாலும் டீசலில்தான் நிற்கிறோம், அக்கா.

கரையோரம்:
எரிபொருள் இல்லை என்றால் நோயாளிகளை வெளியே எடுப்பதுதான் வழி. 2009ல் இலங்கைப் போரின் கடைசியில் முல்லைத்தீவின் புதுமாத்தளனில் பள்ளிக்கூடத்தையே ஆஸ்பத்திரியாக நடத்தினார்கள். பிப்ரவரியிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் காயம்பட்டவர்களைக் கடல் வழியாக எடுத்தது. கப்பல் கரைக்கு வர முடியாது, சின்னப் படகில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். அதைப் பேசாமல் ஃபில்டர், பம்ப் என்று என்ன வேண்டிக்கிடக்கு?

ரெண்டாம்ஷிப்ட்:
அண்ணே, இங்கேயும் 19 நவம்பரில் 31 குழந்தைகளைத் தெற்குக் காஸாவின் ரஃபாவுக்கு எடுத்தார்கள். டீசல் தீர்ந்து எட்டு நாள் கழித்து. அந்த எட்டு நாளில் இறந்த குழந்தைகளை எந்தப் படகில் ஏற்றுவது? ஆம்புலன்ஸுக்கும் டீசல் வேண்டும். ராணுவத்தோடு பேசிப் பாதை கேட்கவேண்டும்.

கரையோரம்:
மாத்தளனை இழுத்து என்னை மட்டம் தட்ட வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு டீசல் வேண்டும் என்று எனக்குத் தெரியாதா?

அளவுகோல்:
இவர் எல்லாரிடமும் இப்படித்தான். காஸா கரையில் அமெரிக்கா அமைத்த மிதக்கும் இறங்குதுறை பற்றிய இழையிலும் "நடக்காது, அலை உடைக்கும்" என்று ஒற்றைக் காலில் நின்றார்.

ரெண்டாம்ஷிப்ட்:
உடைத்ததே! 2024 மே 17ல் சரக்கு இறங்க ஆரம்பித்தது, மே கடைசியில் அலையில் உடைந்து பழுதுபார்க்க இஸ்ரேலின் அஷ்தோத் துறைமுகத்துக்கு இழுத்துப் போனார்கள், ஜூலையில் ஊத்தி மூடினார்கள். அன்று நீங்கள்தான் "தினம் 150 லாரி வரும்" என்று வாதாடினீர்கள். அது இன்னும் அந்த இழையில் கிடக்கிறது, போய்ப் படியுங்கள்.

அளவுகோல்:
150 என்றது நான் இல்லை, அமெரிக்க ராணுவம் வைத்த இலக்கு. பேச்சை மாற்றாதீர்கள். 300 லிட்டர், 43 நிமிடம்.

முல்லைக்கொடி:
குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்து ஒரே படுக்கையில் நெருக்கிப் படுக்கவைத்து, ஃபாயில் சுற்றி வைத்தார்கள். உடல் வெப்பம் 36.5க்குக் கீழே போகக்கூடாது. தாய் மார்போடு தோலும் தோலும் படக் கட்டிவைத்தால் மின்சாரமின்றியே அது நிற்கும், ஆனால் அங்கே பல குழந்தைகளுக்குத் தாய் பக்கத்தில் இல்லை. வெந்நீர் காய்ச்சக்கூட எரிபொருள் வேண்டியிருந்தது. நீங்கள் இன்னும் 43லேயே நிற்கிறீர்கள்.

அளவுகோல்:
நிற்பேன். தவறான எண்ணை அனுதாபத்தால் மூடக்கூடாது.

ரெண்டாம்ஷிப்ட்:
உறிஞ்ச முடியாத டீசலைக் கழிக்காத எண்தான் தவறு. அதைக் கழித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

அளவுகோல்:
எத்தனை லிட்டர் டேங்க் என்று உங்களுக்கே தெரியாது. எதைக் கழிப்பது?