சாயக்கழிவு உப்பில் பிஎச்.டி. செய்ய ஆசை: இங்கேயா, வெளிநாட்டிலா?

நொய்யல்கரையான் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் சாயப்பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பொது சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். எம்.டெக். சுற்றுச்சூழல் பொறியியல். வயது 31. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை, இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. பிஎச்.டி. செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தலைப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் நிலையத்தின் பின்பக்கம் ஒரு ஷெட் இருக்கிறது. உள்ளே கூரைக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் மூட்டைகள். மிக்ஸட் சால்ட், அதாவது கலப்பு உப்பு. மழைக்காலம் வந்தால் ஈரம் இழுத்து மூட்டையின் அடி கசியும், தரையெல்லாம் பழுப்பாக ஒரு பிசுபிசுப்பு. நாங்கள் தார்பாய் போட்டு, தரையைக் கழுவி, அந்தத் தண்ணீரையும் பிடித்துத் திரும்ப பிளான்ட்டுக்கே அனுப்புவோம்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக: 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரை வெளியே விடவே கூடாத முறை) இல்லாமல் இங்கே ஒரு யூனிட்டும் ஓட முடியாது. கழிவுநீர் பயாலஜிக்கல் டேங்க் தாண்டி ஆர்.ஓ.வுக்குப் போகும். பெரும்பகுதி நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்பிவிடும். மிச்சம் வரும் உப்பேறிய தண்ணீரை, அதாவது ரிஜெக்ட்டை, எவாப்பரேட்டரில் சுண்ட வைத்து, குளிர வைத்து, சோடியம் சல்ஃபேட்டை கிளாபர் உப்பாகப் பிரித்தெடுக்கிறோம். அதைச் சாயப்பட்டறைகள் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. பிரச்சினை கடைசியில் தங்குவதுதான். சில பட்டறைகள் சாதா உப்பும் போடுவார்கள், சில சல்ஃபேட் மட்டும் போடுவார்கள். இரண்டும் கலந்து, கூடவே சாய நிறமும் சிலிக்காவும் சேர்ந்து வருவதை யாரும் வாங்குவதில்லை. தண்ணீரில் கரையும் என்பதால் மண்ணில் புதைக்கவும் முடியாது.

அந்த மூட்டைகளைத் திரும்பப் பயன்படும் உப்பாக மாற்றுவதுதான் என் ஆசை. கேள்விகள் இவை. இங்கேயே ஐஐடி மாதிரி இடத்தில் செய்வதா, வெளிநாடு போவதா? கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். இங்கிலாந்தில் சீட் வாங்கித் தருகிறோம், ஃபீஸ் நீங்களே கட்ட வேண்டும், பேங்க் லோன் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். தொகையைக் கேட்டதும் வீட்டில் அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். என் பெயரில் ஒரு ஆய்வுக் கட்டுரைகூட வெளிவரவில்லை. இந்த வயதில், இந்த நிலையில் யாராவது எடுப்பார்களா?

அடையாறு ஸ்காலர்

ஃபீஸ் கட்டி பிஎச்.டி. வேண்டாம். முதல் பதில் அதுதான். இந்தத் துறையில் ஸ்காலர்ஷிப்போ சம்பளமோ இல்லாத இடத்துக்குப் போக எந்த அவசியமும் இல்லை.

உள்ளூர் வழிகளைச் சொல்கிறேன். ஐஐடிகளில் வருடத்துக்கு இரண்டு முறை எடுக்கிறார்கள். எம்.டெக். முடித்தவர்களுக்குப் பல இடங்களில் கேட் (GATE) நுழைவுத் தேர்வு கட்டாயம் இல்லை, எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து உதவித்தொகை முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000 ரூபாய். குடும்பத்தோடு சென்னையில் இருக்க அது இழுபறிதான், ஆனால் கடன் இல்லை. சிஎஸ்ஐஆர் என்ற மத்திய அரசு அமைப்பின் ஆய்வகங்களையும் பாருங்கள். அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சிஎல்ஆர்ஐ, தோல் ஆலைக் கழிவுநீரில் பல காலமாக வேலை செய்கிறது. அங்கேயும் உப்புதான் தலைவலி, உங்கள் அனுபவம் அவர்களுக்கு அந்நியமாக இருக்காது. நாக்பூரில் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வகமான நீரி இருக்கிறது. பட்டம் இந்த ஆய்வகங்களுக்கான ஏசிஎஸ்ஐஆர் அகாடமி வழியாகக் கிடைக்கும்.

வேலையை விடாமல் செய்யும் வழியும் உண்டு, பார்ட் டைம் அல்லது எக்ஸ்டர்னல் பதிவு. நிறுவனம் அனுமதிக் கடிதம் தர வேண்டும். உங்கள் ஷிஃப்ட் வேலையோடு அது ஒத்துவருமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். என் கூட இருந்த ஒருவர் இரவு ஷிஃப்ட் முடித்து லேபுக்கு வருவார், உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவார்.

கரூர்க்காரி

தம்பி, நான் நெதர்லாந்தில் கழிவுநீர்த் துறையில் பிஎச்.டி. முடித்து இங்கேயே வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கரூர்ப் பக்கம். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடித்தபோது எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷமும், அப்புறம் அதில் சாயத் தண்ணீர் தேங்கி, "தயவுசெய்து மதகைத் திறக்காதீர்கள்" என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஷெட்டில் இருக்கும் ஒவ்வொரு மூட்டையும் ஆற்றில் கலக்காமல் நின்ற உப்பு. அதனால் உங்கள் கேள்விக்கு நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

இங்கே பிஎச்.டி. என்பது ஒரு வேலை. விளம்பரம் வரும், விண்ணப்பிப்பீர்கள், எடுத்தால் நான்கு வருட ஒப்பந்தம், சம்பளம், லீவு, பென்ஷன் பிடித்தம் எல்லாம் உண்டு. சம்பளம் வரிக்கு முன் மாதம் 3000 யூரோ சுற்றி ஆரம்பித்து வருடா வருடம் ஏறும். ஃபீஸ் கிடையாது. முதல் வருடம் முடியும்போது தொடரலாமா என்று ஒரு மதிப்பீடு வைப்பார்கள். அதில் நிற்க வேண்டும். இடங்கள் அகாடமிக் டிரான்ஸ்ஃபர் என்ற தளத்தில் வரும். லேவார்டன் ஊரில் வெட்சுஸ் என்று தண்ணீருக்கென்றே ஒரு ஆய்வு மையம் இருக்கிறது. தண்ணீர்க் கம்பெனிகள் பணம் போட்டு, தங்கள் பிரச்சினைகளையே தலைப்பாகக் கொடுப்பார்கள். நீங்கள் லேவார்டனில் வேலை செய்வீர்கள், பட்டம் வாகனிங்கன், டெல்ஃப்ட், ட்வென்டே மாதிரி பல்கலைக்கழகத்திலிருந்து வரும். ஆலை அனுபவம் உள்ளவர்களை அங்கே மதிப்பார்கள். 31 வயது ஒரு பொருட்டே இல்லை. கட்டுரை இல்லாததும் தடை இல்லை, ஆனால் எம்.டெக். திட்டப்பணியைப் பத்து நிமிடத்தில் தெளிவாக விளக்கத் தெரிய வேண்டும்.

அடுத்தது மரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி டாக்டரல் நெட்வொர்க். ஐரோப்பிய ஒன்றியப் பணம். ஒரு திட்டத்தில் பத்துப் பேரளவு எடுப்பார்கள், ஆளுக்கு ஒரு நாடு. கடைசி 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்பது முக்கிய விதி. இந்தியாவிலிருந்து நேராக வருகிற உங்களுக்கு அது சாதகம். யூராக்சஸ் தளத்தில் தேடுங்கள்.

இனி தலைப்புக்கு வருவோம். ரிசோர்ஸ் ரெகவரி, அதாவது கழிவிலிருந்து வளங்களை மீட்பது என்றால் ஐரோப்பாவில் முக்கால்வாசிப் பேர் பாஸ்பரஸைத்தான் நினைப்பார்கள். ஜெர்மனியில் 2029-லிருந்து பெரிய நகரச் சுத்திகரிப்பு நிலையங்கள் பாஸ்பரஸை மீட்டே ஆக வேண்டும் என்று சட்டம், அதனால் அங்கே அதில் நிறைய இடம். சுவிட்சர்லாந்தில் ஈயாவாக் என்ற தண்ணீர் ஆய்வு நிறுவனம் சிறுநீரிலிருந்து உரம் எடுத்து, அது ஆரின் என்ற பெயரில் விற்பனைக்கே வந்துவிட்டது. டெல்ஃப்டில் வளர்ந்த நெரெடா என்ற சுத்திகரிப்பு முறையில் வரும் குருணைச் சேற்றிலிருந்து கௌமெரா என்ற பசைப்பொருளை ஸுட்ஃபன் நிலையத்தில் 2019-இல் எடுக்கத் தொடங்கினார்கள். எல்லாம் அருமையான வேலை. ஆனால் உங்கள் உப்பு வேறு உலகம். விளம்பரம் பார்த்து மனம் மாறி எதிலாவது சேர்ந்துவிடாதீர்கள்.

உப்புக்கு என்று ஆட்கள் இருக்கிறார்கள். ஜீரோ பிரைன் (பிரைன் என்றால் அடர்ந்த உப்புநீர்) என்று ஒரு ஐரோப்பியத் திட்டம் 2017-இல் தொடங்கியது, டெல்ஃப்ட் ஒருங்கிணைத்தது. அதில் துருக்கியில் ஒரு ஜவுளி ஆலையும் சோதனைக் களம். சாயப்பட்டறை ரிஜெக்டிலிருந்து உப்பைத் திரும்ப எடுப்பதுதான் அங்கே வேலை. அந்த அறிக்கைகளை முதலில் படியுங்கள். பின்னால் யார் யார் பெயர் வருகிறதோ, அவர்கள்தான் நீங்கள் எழுத வேண்டிய ஆட்கள். ஆய்வாளரைத் தேட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, யூடெக்டிக் ஃப்ரீஸ் கிரிஸ்டலைசேஷன். பிரைனைச் சுண்ட வைக்காமல் உறைய வைப்பது. ஒரு குறிப்பிட்ட குளிரில் பனிக்கட்டியும் உப்பும் ஒரே நேரத்தில், தனித்தனியாக வெளிவரும். பனி மேலே மிதக்கும், உப்பு அடியில் இறங்கும். சோடியம் சல்ஃபேட்டுக்கு அது சைபருக்கு ஒரு டிகிரி கீழேயே நடந்துவிடும், சாதா உப்புக்கு மைனஸ் 21 வரை போக வேண்டும். இந்த இடைவெளிதான் கலப்பு உப்பைப் பிரிக்க வழி. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2260 கிலோஜூல், உறைய வைக்க 334 போதும். கணக்கு காகிதத்தில் அழகாக இருக்கும். நிஜமான ரிஜெக்டில் சாயமும் சிலிக்காவும் இருக்கும்போது படிகம் எப்படி வளர்கிறது, குளிர்ப் பரப்பில் பனி ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது, திருப்பூர் வெயிலில் கரண்ட் செலவு எவ்வளவு, இவைதான் ஆராய்ச்சி. டெல்ஃப்டில் வளர்ந்த முறை, கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஆழமாகச் செய்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவையும் ஒதுக்காதீர்கள்.

நொய்யல்கரையான்

அக்கா, ரொம்ப நன்றி. ஒரு பேராசிரியருக்கு இப்படி மெயில் தயார் செய்திருக்கிறேன். சரியா என்று பாருங்கள்.

"மதிப்பிற்குரிய ஐயா, நான் சுற்றுச்சூழல் பொறியியலில் முதல் வகுப்பில் தேறியவன். கழிவுநீர் சுத்திகரிப்பிலும் வளங்களை மீட்பதிலும் மிகுந்த ஆர்வம் உள்ளவன். தங்கள் மேலான வழிகாட்டுதலில் ஆய்வு செய்ய வாய்ப்பளிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்."

கரூர்க்காரி

இதை அனுப்ப வேண்டாம். தினமும் இதே மெயில் அவருக்கு உலகம் முழுவதிலிருந்தும் வரும். உங்களைத் தவிர யாராலும் எழுத முடியாத வரிகளை எழுதுங்கள். மரியாதைக்கு ஒரு "டியர் புரொஃபசர்" போதும். இந்த மாதிரி:

"திருப்பூரில் சாயக்கழிவு ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையம் ஒன்றை இயக்குகிறேன். எவாப்பரேட்டரில் இருந்து சல்ஃபேட்டும் குளோரைடும் கலந்த உப்பு வருகிறது, வாங்க ஆள் இல்லை. குளிர வைத்தால் கிளாபர் உப்பு வருகிறது, ஆனால் உப்பு பிரிந்தபின் மிஞ்சும் தாய்நீரில் நிறமும் குளோரைடும் ஏறிக்கொண்டே போகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் வரும் உப்பு மஞ்சளாகிவிடுகிறது. நீங்கள் சுத்தமான கரைசலில் செய்ததை இந்த நிஜ பிரைனில் செய்து பார்க்க விரும்புகிறேன். லேப் பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. அடுத்த வருடம் உங்கள் குழுவில் இடம் வருமா?"

பத்து வரிக்குள் முடித்து, ஒரு பக்க சிவி மட்டும் இணையுங்கள். எந்தக் கட்டுரையைப் படித்தீர்களோ அதன் எந்தப் படம், எந்த முடிவு உங்களை நிறுத்தியது என்று ஒரு வரி எழுதுங்கள். பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மெயில் என்பது அறிமுகம்தான். இடம் விளம்பரமாகும்போது முறையாக விண்ணப்பித்தே ஆக வேண்டும். இப்போதே ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதி வையுங்கள், பெரும்பாலும் 6.5 அல்லது 7 கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்

நகரக் கழிவுநீர் நிலையங்களில் காலம் கழித்தவன். தம்பிக்கு ஒரு விஷயம். "லேப் பதிவுகள் என்னிடம் இருக்கின்றன" என்று எழுதுமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். அந்த எண்கள் நிலையத்துக்குச் சொந்தமானவை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் எண்களும் அதில் இருக்கும். வாய்வார்த்தையாகச் சரி என்ற முதலாளி, கட்டுரை அச்சாகும்போது மறுத்தால் உங்கள் மூன்று வருட உழைப்பு நிற்கும். ஆலையின் பெயர் போட மாட்டேன், உப்பின் அளவு மட்டும் தருவேன் என்று கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். இந்த உப்பு தீர்ந்தால் அவர்களுக்கும் லாபம்தானே.

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு இரண்டிலும் நாளுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. வரை கொண்டுபோய் ஆலைகளுக்கு அனுப்புகிறோம். அங்கேயும் ரிஜெக்ட் உண்டு. இங்கே இருந்து செய்வதாக முடிவெடுத்தால் அதையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள்.

நொய்யல்கரையான்

ஐயா, திங்கட்கிழமை மேனேஜரிடம் அனுமதிக் கடிதம் கேட்கிறேன். ஜீரோ பிரைன் அறிக்கைகளை இறக்கிவிட்டேன், துருக்கி ஆலைப் பகுதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஐஐடிக்கும் விண்ணப்பம் போடுகிறேன், இரண்டும் ஓடட்டும்.

அக்கா, கடைசியாக ஒன்று. வந்தால் மனைவியும் குழந்தையும் கூட வர முடியுமா? மனைவி பி.காம்., இங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார்.

கரூர்க்காரி

வரலாம். ஆய்வாளர் அனுமதியில் நீங்கள் வந்தால் அவரும் இங்கே வேலை செய்யலாம், தனி வேலை அனுமதி தேவையில்லை. ஆனால் கணக்கு வேலைக்கு டச்சு மொழி கேட்பார்கள், அவரை இப்போதே படிக்க ஆரம்பிக்கச் சொல்லுங்கள். குழந்தைக் காப்பகம் செலவு அதிகம். நான்கு வயதானால் பள்ளியில் சேர்த்துவிடலாம், அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் ஃபீஸ் கிடையாது. வாடகை வீடு கிடைப்பதுதான் உண்மையான கஷ்டம். டெல்ஃப்டைவிட லேவார்டனில் வாடகை குறைவு. இடம் கிடைத்ததும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், வீடு தேடுவதில் உதவுகிறேன்.