பிரெக்ஸிட்டுக்கு அப்புறம்: ஒப்பந்தத்தில் இங்கிலாந்துச் சட்டமா, நெதர்லாந்துச் சட்டமா?

ராயபுரம் ஏற்றுமதி:
ராஜாஜி சாலையில் தோல் பொருள் ஏற்றுமதி ஆபீசில் இருக்கிறேன். எங்கள் ஒப்பந்தங்களில் எப்போதும் இங்கிலாந்துச் சட்டம், லண்டன் கோர்ட்தான். இப்போது ராட்டர்டாம் பார்ட்டி, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனதால் அந்தச் சட்டமே குழம்பிவிட்டது, நெதர்லாந்துச் சட்டம் போடுங்கள் என்கிறார். உண்மையா சார்? அங்கே சிவில் லா, அதாவது எழுதி வைத்த சட்டத் தொகுப்புதான் அடிப்படை, அது நமக்குப் பழக்கமே இல்லை.

பாரிமுனை வக்கீல்:
சட்டம் குழம்பவில்லை. 1973 முதல் ஒன்றியத்துக்குள் இருந்தபோதும் இங்கிலாந்து காமன் லா நாடுதான், அதன் ஒப்பந்தச் சட்டம் பெரும்பாலும் நீதிபதிகளின் தீர்ப்புகளில் வளர்ந்தது. மாறியது தீர்ப்பை நிறைவேற்றுகிற வழி. 2020 டிசம்பர் 31-க்குள் தொடங்கிய வழக்கென்றால் லண்டன் தீர்ப்பு நெதர்லாந்தில் சுலபமாகச் செல்லும். அப்புறம் தொடங்கியவற்றுக்கு ஒரு நாட்டுக் கோர்ட் தீர்ப்பை இன்னொரு நாடு ஏற்பதற்கான 2005, 2019 ஹேக் உடன்படிக்கைகளைத்தான் பிடிக்க வேண்டும், இரண்டாவது பிரிட்டனில் 2025 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது. வழி இருக்கிறது, முன்பு போல எளிது இல்லை.

வியாசர்பாடி சட்ட மாணவி:
அண்ணா, நெதர்லாந்தில் ஒப்பந்தத்தின் எழுத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1981 ஹாவில்டெக்ஸ் தீர்ப்புப்படி, இரு தரப்பும் நியாயமாக என்ன புரிந்துகொண்டிருப்பார்கள் என்று பார்ப்பார்கள், நியாயத்துக்கு ஒவ்வாத பிரிவை ஒதுக்கவும் அவர்கள் சிவில் சட்டத் தொகுப்பில் இடமுண்டு. இங்கிலாந்தில் அப்படிப் பொதுவான நல்லெண்ணக் கடமை (இரு தரப்பும் நேர்மையாக நடக்க வேண்டும் என்ற விதி) கிடையாது, எழுதியதற்குத்தான் மதிப்பு. நம்ம 1872 ஒப்பந்தச் சட்டம் சட்டத் தொகுப்பு மாதிரி இருந்தாலும் பார்வை காமன் லாதான், அதனால் உங்கள் டிராஃப்ட் எழுதும் பழக்கம் அங்கே அப்படியே செல்லாது.

ராயபுரம் ஏற்றுமதி:
அப்போ பணம் வராவிட்டால் எது நமக்கு நல்லது?

பாரிமுனை வக்கீல்:
பார்ட்டியின் சொத்து ராட்டர்டாமில் இருந்தால் அங்கத்திய கோர்ட் தீர்ப்பு வேகமாக வேலை செய்யும். ஆனால் அவர்கள் உங்கள் மேல் வழக்குப் போட்டால், இந்திய சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவில் லண்டன் தீர்ப்பை இங்கே நேராக நிறைவேற்றலாம், நெதர்லாந்துத் தீர்ப்புக்குப் புதிதாக வழக்குப் போட வேண்டும். என் கருத்து, சட்டம் இங்கிலாந்துடையது, தகராறு ஆர்பிட்ரேஷனுக்கு (கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்புக்கு) என்று எழுதுங்கள். நடுவர் தீர்ப்புகளை நாடுகள் நிறைவேற்ற வழி செய்யும் 1958 நியூயார்க் கன்வென்ஷனை பிரெக்ஸிட் தொடவே இல்லை. நெதர்லாந்துச் சட்டத்துக்கே சம்மதித்தால் ஒன்றைக் கவனியுங்கள், விலக்குவதாகச் சொல்லாவிட்டால் நாடுகளுக்கிடையே சரக்கு விற்பதற்கான 1980 வியன்னா விற்பனைக் கன்வென்ஷனும் கூடவே வந்துவிடும், அதில் இந்தியாவும் பிரிட்டனும் சேரவில்லை, நெதர்லாந்து சேர்ந்திருக்கிறது.