கூமரினுக்குக் ‘குருதியிளக்கி’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம். நாம் தொகுத்துவரும் சொல்தொகுதியில், கூமரின் என்ற தாவரச் சேர்மத்துக்குக் ‘குருதியிளக்கி’ (குருதியை உறையவிடாதது) என்ற சொல்லை நண்பர் ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். சொல் நன்றாகவே அமைந்திருக்கிறது. ஆயினும் அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. கூமரின் தன்னளவில் குருதியை இளக்குவதில்லை என்பதே காரணம்.

1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் இனிப்புக் குளோவர் என்னும் தீவனச்செடியைத் தின்ற மாடுகள், சிறு காயம் பட்டாலும் குருதி நிற்காமல் இறந்தன. நன்கு உலர்ந்த தீவனம் எந்தக் கேடும் செய்யவில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடித்த தீவனமே கொன்றது. அத்தாவரத்துக்கு மணம் தரும் கூமரினைப் பூஞ்சை, குருதியை உறையவிடாத டைகூமராலாக மாற்றிவிடுகிறது என்பதை அமெரிக்காவின் விஸ்கான்சினில் வேதியியலாளர் கார்ல் லிங்க்கின் ஆய்வுக்குழு 1940ஆம் ஆண்டளவில் கண்டறிந்தது. அவ்வழியில் உருவான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகவும், 1954இல் மனிதருக்கான மருந்தாகவும் வந்தது. குருதி உறையத் தேவையான வைட்டமின் கே உடலில் மீண்டும் பயன்படாமல் தடுப்பதே அதன் வேலை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் எனக்கு இந்த வேறுபாடு ஏட்டோடு நிற்பதன்று. என் தந்தையார் செம்பனைத் தோட்டத்தில் மரத்துக்கு ஒன்றாக எலிக்கு வைத்த மெழுகுக் கட்டிகளில் இருந்தது வார்ஃபரின். இதய வால்வு மாற்றிய என் தாயார் ஒவ்வொரு நாள் மாலையும் விழுங்குவதும் அதே வார்ஃபரின்தான். வைட்டமின் கே மிகுந்த முருங்கைக்கீரையை ஒரு வாரம் மிகுதியாகவும் மறுவாரம் அறவே இல்லாமலும் சமைக்கக்கூடாது என்று மருந்தாளர் சொன்னதிலிருந்து, அம்மா கீரையைக் கைப்பிடியால் அளந்தே சட்டியில் போடுகிறார். நம் சொல்தொகுதி கூமரினையே குருதியிளக்கி என்று எழுதிவிட்டால், சீன இலவங்கப்பட்டையில் கூமரின் இருக்கிறது என்று படிக்கும் அவரைப் போன்றோர் பட்டையும் குருதியை இளக்கும் என்றே அஞ்சுவர். பட்டையை மிகையாக உண்டால் கவலைப்பட வேண்டியது கல்லீரலைப் பற்றி. குருதியிளக்கி என்ற சொல்லை வார்ஃபரின் வகை மருந்துகளுக்கே வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் கூமரினை என்னவென்று அழைப்பது? ஒலிபெயர்ப்பே போதும் என்பது என் துணிபு. 1820இல் டோங்கா மரத்தின் விதையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இச்சேர்மத்துக்கு, தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்மரத்துக்கு வைத்திருந்த ‘கூமரு’ என்ற பெயரே வழங்கலாயிற்று. ஒரு மரத்தின் பெயரைத் தமிழ் தாங்கிக்கொள்வதில் குறையேதுமில்லை. எழுத்துக்கூட்டல் மட்டும் ‘கூமரின்’ என்றே இருக்கட்டும். சிலர் எழுதும் ‘குமாரின்’, குமார் என்பவருடைய ஏதோ ஒரு பொருளைச் சொல்வதுபோல் வாக்கியத்தில் இடறுகிறது.

தமிழ்ச்சொல் தேவைப்படுவது கூமரின் குடும்பத்தின் கிளைகளுக்கு. கரும்பலகையில் இரண்டு அறுகோணங்களை ஒட்டி வரைந்தால் கூமரினின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். அதனோடு ஆக்சிஜன் கொண்ட ஐந்தணு வளையம் ஒன்று சேர்ந்தால் ‘ஐவளையக் கூமரின்’ என்றும், ஆறணு வளையம் சேர்ந்தால் ‘அறுவளையக் கூமரின்’ என்றும் சொல்லலாம். ஐந்து வளையங்கள் இருப்பதாக மாணவர் மயங்கக்கூடும் என்று எனக்கே ஐயம் எழுந்தது; ‘ஐயணுவளைய’ என்று நீட்டினால் அந்த மயக்கம் தீரும், ஆனால் நாவில் நில்லாது. முதற்குறிப்பில் விளக்கம் தந்துவிட்டுக் குறுகிய வடிவத்தையே ஆளலாம்.

கார்போகரிசியில் உள்ள சொராலென் ஐவளைய வகை. தோலைப் புறஊதாக் கதிருக்கு எளிதில் இணங்கச் செய்வதால் வெண்புள்ளி மருத்துவத்தில் அதற்கு இடமுண்டு. அதே இயல்பால் வெயிலில் தோலைக் கொப்பளிக்கவும் வைக்கும். அறுவளைய வகைக்கு எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே இருக்கிறது. சரவாக் காட்டில் 1987இல் மாதிரி எடுத்த பிந்தாங்கோர் மரத்தில் காணப்பட்ட கலனோலைடு ஏ, எச்.ஐ.வி. பெருகத் தேவையான நொதியைத் தடுத்தது. ஆய்வாளர்கள் மீண்டும் சென்றபோது அந்த மரம் வெட்டப்பட்டிருந்தது. நெய்தல் பாடல்களில் பூத்து நிற்கும் புன்னையும் அந்த மரமும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஆகவே சொல்தொகுதியில் அறுவளையக் கூமரினுக்கு எதிரே ‘புன்னை இனத்து மரங்களில் காணப்படுவது’ என்று ஒரு வரி சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.